ஏழு கிலோ இருநூறு

எங்கள் வீட்டுப் பூனை ஏழு கிலோ இருநூறு கிராமைத் தொட்ட அன்று நான் சவ்வரிசிப் பாயசம் காய்ச்சினேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்று அப்படியொரு சந்தோசம். தராசு முள் ஏழைத் தாண்டி நின்றதைக் கண்டதும் முற்றத்தில் நின்றே குரல் கொடுத்தேன்.

“இஞ்சருங்க! ஏழு கிலோ இருநூறு! போன மாசத்தை விட முந்நூறு கூடியிரிக்கான்!”

என் கணவர் விறாந்தைக் கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, “ஆருக்குப் புள்ள வாழ்த்துச் சொல்றது? உனக்கா, பூனைக்கா?” என்று கேட்டார். அவருக்குச் சீனி வருத்தம். அந்தப் பாயசத்தில் அவருக்கு இரண்டு கரண்டிதான் கொடுத்தேன். பூனைக்கு ஒரு கிண்ணம் பசும்பால் தனியாக எடுத்து வைத்திருந்தேன்.

நான் முப்பத்தொரு வருடம் மருத்துவிச்சியாக வேலை பார்த்தவள். ஆஸ்பத்திரிக் கட்டிடத்துக்குள் அல்ல; ஊருக்குள், சைக்கிளில். பிள்ளைத்தாய்ச்சிகளை வீட்டில் போய்ப் பார்ப்பது, பிறந்த பிள்ளைகளை மாதாமாதம் நிறுப்பது, ஊசிக்கு வராத தாயைத் தேடிப் போய் ஏசுவது, இதுதான் வேலை. எங்களை ஊரில் ‘மிஸி’ என்பார்கள். எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, பொழுது படும் பக்கத்துக்குப் படுவான்கரை என்று பெயர். முழுக்க நெல்லு வட்டைகள். என் வேலைக்காலத்தில் பாதிக்கு மேல் அங்கேதான் போனது. ஆளையும் வண்டியையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் தட்டைப் படகைப் ‘பாதை’ என்போம். காலையில் சைக்கிளோடு பாதையில் ஏறினால் பின்னேரம் அதே பாதையில்தான் திரும்பி வருவேன்.

நிறுக்கும் நாளில் கிளினிக் கூரை வளையில் தராசைத் தொங்கவிட்டு, அதில் ஒரு துணிக் காற்சட்டையைக் கொழுவி, பிள்ளையை அதற்குள் இறக்குவோம். பிள்ளை வீரிட்டு அழும். முள் ஆடி ஆடி நிற்கும். பிள்ளையின் வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு போட்டுச் சேர்ப்பேன். கோடு மேலே போனால் தாய்க்கு வாயெல்லாம் பல். கோடு படுத்துவிட்டால் எனக்கு அன்று சோறு இறங்காது. “நிறை கூடியிரிக்கு மகள்” என்று சொல்வதில் எனக்கிருந்த சந்தோசம் வேறெதிலும் இருந்ததில்லை.

ஓய்வு பெற்ற மாதம் நல்ல மழை. வேலிக்கு வெளியே மழைத்தண்ணிக் கானுக்குள் கிடந்து கத்திய குட்டியைத் தூக்கி வந்தவர் அவர்தான். நான் வீட்டில் மாங்காய் நிறுக்கலாம் என்று, ஒதுக்கிப் போட்ட பழைய தராசு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். குட்டியைத் துடைத்து, ஒரு துணிப்பையில் போட்டு, முற்றத்து மாமரக் கொப்பில் தராசைக் கொழுவி நிறுத்தேன். நானூறு கிராம். உடனே சதுரக் கொப்பி ஒன்றை எடுத்து அதற்கு ஒரு அட்டை வரைந்தேன். பிறந்த நிறை என்ற இடத்தில் ‘தெரியாது’ என்று எழுதினேன். பெயர் என்ற இடத்தில் ‘பிள்ளை’ என்று எழுதினேன். அதற்குமேல் பெயர் வைக்க எங்களுக்குத் தோன்றவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு அவனை நிறுக்கும் நாளாகிப்போனது.

நான்கு வருடம் அந்தக் கோடு ஒரு மாதம்கூடக் கீழே இறங்கவில்லை. நான் இறங்க விடவில்லை என்பதுதான் சரி. சீனிக்கு நடக்கச் சொன்னார் டொக்டர் என்று என் கணவர் காலையில் வீச்சுவலையோடு வாவிக்கரையில் நடப்பார். பள்ளிக்கூடத்தில் விவசாயம் படிப்பித்த மனுசன்; வலை வீசத் தெரியாது, வீசுவார். ஆனாலும் நாலு மணலை, இரண்டு யப்பான் மீன், கொஞ்சம் இறால் என்று எப்படியோ கிடைத்துவிடும். மீன்தலை முழுக்கப் பிள்ளைக்கு. இறால் கோதை அவித்த தண்ணியில் சோறு பிசைந்து காலையில். மத்தியானம் மீனோடு சோறு. பின்னேரம் எருமைத் தயிர், அதுவும் மேலே படிந்த ஆடையாகப் பார்த்து. இரவில் நாங்கள் சாப்பிடும்போது என் பீங்கானிலிருந்து கைக்குக் கை.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறிதான். குசினிக்குள் மீன் ஏறாது. பூனைக்கு என்ன வெள்ளி, என்ன சனி? அதனால் வெள்ளிக்கிழமைகளில் முருங்கைமரத்துக்குக் கீழே மூன்று கல் வைத்து, விறகடுப்பு மூட்டி, அவனுக்கு மட்டும் தனியாக மீன் அவிப்பேன். கண்ணெரிய அடுப்பு மூட்டுவதே மூட்டுகிறோம், இரண்டு துண்டுக்காகவா என்று ஒரு சட்டி நிறைய அவிப்பேன். மீன் அவித்தால் குளித்துவிட்டுத்தான் சாமிப்படத்துக்கு விளக்கு வைக்கலாம். அவனுக்காக வெள்ளிக்கிழமைகளில் இரண்டு முறை குளித்திருக்கிறேன். வாரத்தில் அவன் அதிகம் தின்ற நாள் நாங்கள் விரதம் இருந்த நாள்தான்.

எட்டாம் மாதத்தில் விதையெடுத்த பிறகு கோடு இன்னும் நிமிர்ந்து ஏறியது. வேலி பாய்வதை விட்டான். எனக்கு நிம்மதி. மதில் ஏறுவதை விட்டான். அடக்கமான பிள்ளை என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசினேன். வாலடி மயிரை நக்கித் துடைக்க முடியாமல் அது சடைபிடித்துக் கிடந்தது. சோம்பேறி என்று சொல்லிச் சிரித்து, நானே சீப்பால் இழுத்துவிட்டேன். குசினியிலிருந்து விறாந்தைக்கு வருவதற்குள் ஒருமுறை படுத்து எழும்புவான். வெக்கை என்று நினைத்தேன். முப்பத்தொரு வருடம் உடம்புகளைப் பார்த்த கண்ணுக்கு இத்தனையும் தெரிந்தது, ஒன்றும் விளங்கவில்லை.

விசர்நாய்த் தடுப்பூசிக்கு அவனைக் கொண்டுபோகும்போது அட்டையையும் கொண்டுபோனேன். யாரும் கேட்கவில்லை. காட்டிப் பாராட்டு வாங்கத்தான் கொண்டுபோனேன், ஒளிப்பானேன். மிருக வைத்தியர் சின்னப் பெட்டை. கைக்குழந்தையாக என் தராசில் தொங்கியவள். ஒரு வயதுவரை என்னைக் கண்டாலே கத்துவாள். இப்போது கண்ணாடி போட்டு, கழுத்தில் குழாய் மாட்டி, மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

“மிஸி, இது என்ன?”

“அட்டை மகள். குட்டியில இரிந்து ஒரு மாசமும் விடல்ல.”

நின்றபடியே அதை வாசித்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்து, அப்படியே போய்விட்டது.

“வடிவா எழுதியிரிக்கிறீங்க. ஒரு குழந்தைட அட்டை எண்டா நான் உங்களுக்குக் கை தருவன். இது பூனை, மிஸி. ஒரு வயசோட வளர்ந்து முடிஞ்சிரும்.” கோட்டில் ஒரு இடத்தில் விரலை வைத்தாள். “இஞ்ச இரிந்து நேராப் போயிரிக்கணும். மறுகா ஏறினது ஒண்டும் வளர்த்தி இல்ல. கொழுப்பு.”

“ஆம்பிளப் பிள்ளைதானே. எலும்பு பெருசு.”

“இந்த எலும்புக்கு அஞ்சு கிலோ காணும். இப்பிடியே போனாச் சீனி வரும். வந்தா ஒரு நாளைக்கு ரெண்டு ஊசி. அதுக்கு முந்தி மூச்சே முட்டிரும். இப்பவே இளைக்கிறான், பாருங்க.”

பார்த்தேன். மேசையில் பிட்டு அவித்துக் கொட்டியது போலப் பரந்து கிடந்து இளைத்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு கடதாசியில் என்னென்னவோ எழுதித் தந்தாள். அதை மடித்து அட்டைக்குள் வைத்தேன். வீடு வரும்வரை ஓட்டோவில் நான் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் திறந்தேன்.

“நேத்து என்ர தராசில மூத்திரம் போனவள், எனக்கு நிறை படிப்பிக்கிறாள்!”

“சொன்னது சரிதானே புள்ள,” என்றார் அவர்.

“என்ன சரி?”

“எனக்குச் சோறு அளந்து போடுறாய். இன்னொரு அகப்பை கேட்டாக் கத்துறாய். அவனுக்கு மட்டும் அளவு இல்ல. என்ர வயித்துக்கு நீ மிஸி, அவன்ட வயித்துக்குத் தாய்.”

பத்து வருடம் அளந்த சோற்றுக்கு அவர் அன்றுதான் பழி தீர்த்தார். எனக்குக் கோபம் வந்தது. அதற்குள் உறைத்தும்விட்டது. பின்னேரம் முழுவதும் அவரோடும் பேசவில்லை, பூனையோடும் பேசவில்லை.

மறுநாள் விடிந்தபோது நான் வேறு ஆள். பிடிவாதத்துக்கு என்னைத்தான் கேட்க வேண்டும். குறைக்கத்தானே வேண்டும்? குறைத்துக் காட்டுகிறேன். பாசிக்குடாவில் ஹோட்டல் வேலை பார்க்கும் மகள் முன்பு வாங்கி வந்த உலர்ந்த பூனை உணவுப் பை ஒன்று அலுமாரியில் பிரிக்காமல் கிடந்தது. அதில் ஒரு சின்னக் கிண்ணம் அளந்து வைத்தேன். மீன் இல்லை, தயிர் இல்லை, சோறு இல்லை. டொக்டர் தந்த கடதாசி அட்டைக்குள்ளேயே இருந்தது. எனக்குத் தெரியாததையா அந்தப் பெட்டை எழுதிவிடப் போகிறாள் என்று இருந்தது.

பிள்ளை வந்து மணந்து பார்த்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு மலத்தை மண் போட்டு மூடுவானே, அதே மாதிரி கிண்ணத்தைச் சுற்றிச் சீமெந்து நிலத்தைப் பிறாண்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

தின்னாத பிள்ளைகளை எனக்குத் தெரியும். சோற்றுப் பீங்கானோடு முற்றம் முழுக்கத் திரியும் தாய்மாரையும் தெரியும். “பசிச்சாத் தின்னும் மகள், பின்னால திரியாத. ரெண்டு நேரம் விட்டுப் பார்” என்று எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன். சொன்னபடி நடந்த வீடுகளில் பிள்ளைகள் மூன்றாம் நேரம் தாமாக வந்து தின்றிருக்கின்றன. அந்தத் தைரியத்தில் இருந்தேன். முதல்நாள் போனது. இரண்டாம் நாள் போனது. மூன்றாம் நாள் என் கணவர் மணலை ஒன்றை அவித்து உதிர்த்து வைத்துக்கொண்டு நின்றார்.

“ஒரு துண்டு வைக்கிறன் புள்ள.”

“வைக்காதீங்க. இப்ப வச்சா அவன் வெண்டிருவான்.”

“அவனோட என்ன போட்டி உனக்கு?”



நாலாம் நாள் காலை மீன்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து கோன் அடித்தார். அந்தச் சத்தத்துக்கு எங்கே கிடந்தாலும் வாசல் படலையடிக்கு வந்துவிடுகிறவன், கதிரைக்குக் கீழே கிடந்தபடியே கிடந்தான். காதுகூடத் திரும்பவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு முற்றத்து வெளிச்சத்துக்கு வந்தேன்.

பிறந்து மூன்றாம் நாள் குழந்தையை நாங்கள் வெயில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, நெற்றியில் விரலால் அழுத்தி எடுத்துப் பார்ப்போம். அழுத்திய இடத்தில் மஞ்சள் தெரிந்தால் செங்கமாரி, அதாவது மஞ்சள் காமாலை. பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். கை தானாகவே அந்த வேலையைச் செய்தது. பூனைக்கு நெற்றியெல்லாம் மயிர். காதை மடித்து உட்பக்கம் பார்த்தேன். உதட்டை நீக்கிப் பல் முரசில் விரலை அழுத்தி எடுத்தேன். மஞ்சள். கொஞ்சம்தான், அவிக்காத மஞ்சள் கிழங்கை நறுக்கின கத்தியில் ஒட்டியிருக்குமே அவ்வளவு. ஆனால் மஞ்சள்தான்.

“இஞ்சருங்க, ஓட்டோவைக் கூப்பிடுங்க,” என்று கத்தினேன். “செங்கமாரி! கெதியா!”

மாற்றுச் சேலை உடுக்கவில்லை. அவனைத் துவாயில் சுற்றிக் கடகத்தில் வைத்து மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஓட்டோ போன போக்கில் ஒவ்வொரு குழியிலும் அவன் தலை ஆடியது. நான் கொன்றுவிட்டேன், நான் கொன்றுவிட்டேன் என்றுதான் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. என் கணவர் பக்கத்தில் இருந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு சொல் குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்கு நல்லாக இருந்திருக்கும்.

“எத்தின நாளாத் தின்னல்ல?” என்று கேட்டாள் டொக்டர்.

“இண்டைக்கு நாலு.”

“மிஸி!” கையிலிருந்ததை மேசையில் வைத்துவிட்டாள். “நான் தந்த கடதாசியை வாசிக்கல்லையா? பழைய சாப்பாட்டோட கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து மாத்தச் சொல்லித்தானே எழுதினன். பட்டினி போடக் கூடாது எண்டு கோடு போட்டெல்லோ எழுதினன்?”

‘நான் சொன்னதைக் கேக்கல்லையா?’ என்று நான் கேட்ட தாய்மார் எல்லாம் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பார்கள். ஏன் பதில் சொல்லாமல் நிற்கிறார்கள் என்று எனக்கு எரிச்சல் வரும். அன்று நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளைத் தரைக்கல்லில் ஒரு ஓரம் உடைந்திருந்தது.

அவள் கோபத்தை விழுங்கிக்கொண்டு விளக்கினாள். மெலிந்த பூனை இரண்டு நாள் தின்னாமல் கிடந்தாலும் தாங்குமாம். கொழுத்த பூனை பட்டினி கிடந்தால் உடம்பில் இருக்கும் கொழுப்பு முழுவதும் ஒரேயடியாக ஈரலில் போய் இறங்கிவிடுமாம். ஈரல் தாங்காதாம்.

“துவக்கத்திலயே கொண்டுவந்திட்டீங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டிரிந்தா நான் ஒண்டும் செய்ய ஏலாது. எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க?”

“குழந்தைக்குப் பார்க்கிற மாதிரித்தான்.”

“அது மட்டும் சரியாப் பார்த்திரிக்கிறீங்க,” என்றாள். பிறகு என் தோளில் கை வைத்தாள்.

முதல் ஐந்து நாளும் காலையில் சேலைனுக்குக் கொண்டுபோனோம். வீட்டில் ஆறு நேரம், ஊசியில்லாத சிரிஞ்சில் கரைத்த சாப்பாடு. அவர் கதிரையில் இருந்து துவாய்க்குள் அவனைச் சுற்றிப் பிடிப்பார். நான் கீழே சப்பாணி கட்டியிருந்து, கடைவாயில் சிரிஞ்சை வைத்துத் துளித்துளியாக விடுவேன். பாதி என் சட்டையில் வழியும். பிள்ளை சண்டை பிடிக்கக்கூட மாட்டான். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. என்னைக் கடிக்கவாவது மாட்டானா என்று இருந்தது.

அப்படி இருந்த ஒரு மத்தியானம், சிரிஞ்சைக் கழுவிக்கொண்டு நின்றபோது, வருடக்கணக்காக நினைக்காத ஒரு பிள்ளை நினைவுக்கு வந்தது. சண்டைக் காலம். பாதை ஓடாத மாதங்கள் அவை. இரண்டரை மாதம் நான் அக்கரைக்குப் போக முடியவில்லை. பிறகு போய் மரத்தடியில் தராசைக் கட்டி நிறுத்தபோது, ஒரு பிள்ளையின் கோடு கீழே இறங்கிக் கிடந்தது. காற்சட்டையிலிருந்து அவனைத் தூக்கினேன். என் பத்து விரலிலும் விலா எலும்பு தட்டுப்பட்டது. சத்துமா கொடுத்தேன், ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தேன். பாதை மறுபடியும் நின்றது. அடுத்த முறை போனபோது தாய் அட்டையைக் கொண்டுவந்து என் கையில் திருப்பித் தந்தாள். இனி அது தனக்கு வேண்டாம் என்றாள்.

அன்று முதல் எந்தப் பிள்ளையைத் தூக்கினாலும் என் கை முதலில் விலாவைத்தான் தேடும். சதை இருந்தால்தான் எனக்கு மூச்சு வரும். இதை நான் கணவரிடம் சொன்னேன். இத்தனை வருடத்தில் சொன்னதில்லை. அவர், “அப்ப நீ போட்டதெல்லாம் இவனுக்கு மட்டும் இல்ல, என்ன?” என்றார். இல்லை என்றேன். சிரிஞ்சைக் கவிழ்த்து வைத்துவிட்டு நன்றாக அழுதேன். அழுது முடியத் தேத்தண்ணி போட்டுத் தந்தார், சீனி கூடப் போட்டு.

பன்னிரண்டாம் நாள் காலை அவர் பிட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் குசினிக்குள். உதிர்ந்த மீன்துண்டு ஒன்று கதிரைக்குக் கீழே விழுந்திருக்கிறது. சிந்தாமல் சாப்பிடத் தெரியாதா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். கதிரைக்குக் கீழே நாக்கு நிலத்தில் உரசும் சத்தம் கேட்டது. துண்டு போய்விட்டது; உறைப்புக் குழம்பின் அடையாளத்தையும் நக்கிக்கொண்டிருந்தான். வாழ்க்கையில் நான் கேட்ட நல்ல சத்தங்களில் அதுவும் ஒன்று.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. இப்போது கடதாசியை வாசித்தேன். வாசித்து அலுமாரிக் கதவில் ஒட்டினேன். மாதத்துக்கு இருநூறு கிராம், மிஞ்சினால் முந்நூறு. அதற்குமேல் குறைந்தால் அதுவும் பிழை. ஒரு நாள் சாப்பாட்டைக் காலையிலேயே அளந்து ஒரு பேணியில் போட்டுவிட வேண்டும். நாலு நேரமும் அதற்குள்ளிருந்துதான். பேணி முடிந்தால் முடிந்ததுதான். மீன்தலை இல்லை. தயிர் இல்லை. சோறு ஒரு பிடிகூட இல்லை. வெள்ளிக்கிழமை மீனை வியாழனே அவித்து அளந்து வைத்துவிடுவேன். முருங்கைமரத்தடிக் கல் மூன்றும் இப்போது பூச்சாடிக்கு முட்டு. நானும் ஒரு குளிப்போடு விளக்கு வைக்கிறேன்.

கஷ்டம் அவனுக்கில்லை, எனக்குத்தான். அவன் இரண்டு கிழமையில் பழகிவிட்டான். என் கைதான் பழகவில்லை. பீங்கானிலிருந்து கீழே போகும். பாதி வழியில் பிடித்து நிறுத்துவேன். ஒரு மாதம் நூறு கிராம் கூடியிருந்தது. என் கணவரை முறைத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யோசித்துப் பார்த்தால், நெத்தலி துப்பரவாக்கும்போதெல்லாம் இரண்டு மூன்று என் விரலிலிருந்து நழுவிக்கொண்டுதான் இருந்தன. போய் டொக்டரிடம் ஒப்புக்கொண்டேன். “நீங்க முதல்ல உங்களை நிறுத்துங்க மிஸி” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மெல்ல மெல்ல அவன் ஆள் மாறினான். முதலில் வாலடி மயிரைத் தானே நக்கத் தொடங்கினான். பிறகு ஒரு நாள் கதிரையில் ஏறிப் படுத்திருந்தான்; யார் தூக்கி வைத்தது என்று நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டோம். இப்போது காலையில் வலையோடு அவர் இறங்கினால் பின்னாலேயே வாவிக்கரை மட்டும் போகிறான். அவருடைய வலையில் விழுவதைவிட அதிகமாக இவன் தண்ணியோரத்தில் நண்டைத் துரத்துகிறான். பிடித்ததில்லை. இரண்டு பேரும் வெறுங்கையோடு வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வருவதைப் பார்க்க எனக்கு ஒரே சிரிப்பு. அவருக்கும் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. “எனக்கும் அவனுக்கும் ஒரே கிளினிக்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

போன முறை டொக்டர் அட்டையை வாங்கிப் பார்த்தாள். ஒரு வருடத்துக்குக் கிட்ட, படி இறங்குவது போல நிதானமாக இறங்கி வந்த கோடு. “இனி முள்ளை மட்டும் பார்க்காதீங்க,” என்றாள். “அஞ்சுக்குக் கிட்ட வந்தாக் கையால பாருங்க. அழுத்தாமத் தடவணும். எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, கைக்குத் தெரியணும். அப்ப நிப்பாட்டலாம்.”

இந்த மாதம் முதல் ஞாயிறு நிறுத்தேன். ஐந்து கிலோ நூறு. பையிலிருந்து அவனை எடுத்து மடியில் வைத்து, அவள் சொன்ன மாதிரி இரண்டு பக்கமும் கையை வைத்து மெல்லத் தடவினேன். தோலுக்குக் கீழே, மெல்லிய சதைக்குக் கீழே, ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகத் தட்டுப்பட்டது.

என்ன செய்கிறேன் என்று தெரியாமலே குசினிக்குப் போகப் பாதி எழும்பிவிட்டேன். அங்கே அன்று வாங்கிய மீன் இருந்தது.

“என்ன புள்ள?” என்றார் அவர்.

“எலும்பு தட்டுது.”

“அதுதானே வேணும் எண்டு டொக்டர் சொன்னவள்?”

“ஓம்,” என்றேன். “அதுதான் வேணும்.”

மறுபடி இருந்தேன். கையை எடுக்கவில்லை. பிள்ளை மடியில் புரண்டு, வயிற்றைக் காட்டிக்கொண்டு, குறுகுறு என்று சத்தம் போடத் தொடங்கினான். என் விரலுக்குக் கீழே ஒவ்வொரு எலும்பும் அந்தச் சத்தத்தில் அதிர்ந்தது. அத்தனை வருடத்தில், எலும்பு தட்டுப்படும் ஒரு உடம்பைப் பயமில்லாமல் நான் தொட்டுக்கொண்டிருந்தது அன்றுதான்.